அடைமழைக் காலத்தில் பவர் டில்லரை நிறுத்தி வைப்பது எப்படி?

காவிரி டெல்டா மாவட்டங்களில் சம்பா நடவு பெரும்பாலும் ஐப்பசிக்குள் முடிந்துவிடும். சேற்றுழவுக்கு இரவு பகலாக ஓடிய பவர் டில்லர் அத்துடன் கொட்டகைக்குப் போகிறது. தை, மாசியில் அறுவடை முடியும் வரை அதற்கு அதிக வேலை இல்லை. அறுவடைக்குப் பின் உளுந்து, பயறு தெளிக்கும் நிலங்களில் உழவும் கிடையாது. ஆகவே பல ஊர்களில் அடுத்த சாகுபடிக்குத் தண்ணீர் வரும் வரை அது நின்ற இடத்திலேயே நிற்கும். இந்த ஓய்வு மூன்று மாதமாகவும் இருக்கலாம், ஏழு எட்டு மாதமாகவும் இருக்கலாம்.

தொல்லை தெரிவது மறுபடி வேலை வந்த நாளில்தான். ஹாண்டிலைச் சுற்றினால் என்ஜின் அசைவதில்லை. அசைந்தாலும் பிடிப்பதில்லை. பிடித்தாலும் புகையைக் கக்கிவிட்டு நின்றுவிடுகிறது. ஊர் முழுவதும் உழவு நடக்கும் அந்த வாரத்தில் மெக்கானிக் கிடைப்பது அரிது. வாடகை வண்டிக்கும் முறை வைத்துக் காத்திருக்க வேண்டும். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டே போகும். கடன் வாங்கி இயந்திரம் எடுத்த சிறு விவசாயிக்குத் தவணை ஒரு பக்கம், பழுதுச் செலவு ஒரு பக்கம், பருவம் தவறிய நடவு ஒரு பக்கம் என்று மூன்று நட்டமும் ஒன்றாக வந்து சேர்கின்றன.

வேலை செய்து தேய்வது இயந்திரத்துக்கு இயற்கை. வேலை இல்லாமல் நின்று கெடுவது தடுக்கக்கூடியது. நிறுத்தும்போது ஒரு நாள் உழைப்பும், சில லிட்டர் ஆயிலும், கொஞ்சம் கிரீசும் செலவழித்தால் போதும்.

நிற்கும் இயந்திரம் ஏன் கெடுகிறது?

இதற்கு முக்கியக் காரணம் தண்ணீர். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. இயந்திரம் ஓய்ந்து நிற்கும் மாதங்களும் இவையே. கூரையின் கீழ் மழை படாமல் நிறுத்தியிருந்தாலும் காற்றில் உள்ள ஈரம் உள்ளே போகும். டீசல் தொட்டி, சிலிண்டர், கியர் பெட்டி, பாட்டரி முனை என்று இடைவெளி இருக்கும் இடமெல்லாம் அதற்கு வழிதான்.

ஓடும் என்ஜினில் சூடும் ஆயிலும் இந்த ஈரத்தை விரட்டிக்கொண்டிருக்கும். நின்ற என்ஜினில் இரண்டும் இல்லை. சுவரில் ஒட்டியிருந்த ஆயில் மெல்ல வழிந்து அடியில் தங்கிவிடுகிறது. வெறும் இரும்பு ஈரக்காற்றில் நிற்கிறது. துரு அங்கே தொடங்குகிறது.

குளிர் நாடுகளில் பனிக்காலம் முழுவதும் காரை நிறுத்தி வைப்பவர்கள் பலர். அவர்களுக்கு முதல் பயம் ரேடியேட்டர் தண்ணீர் உறைந்துவிடுமோ என்பது. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருமன் கூடும். அந்த விரிவு இரும்பு வார்ப்பையே பிளந்துவிடும். நம் சமவெளியில் அந்தப் பயம் இல்லை. நீலகிரியில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் இடங்களில் மட்டும் அந்தக் கவனமும் தேவை. மற்றபடி ஆயில், டீசல், பாட்டரி, டயர், எலி ஆகியவற்றில் அவர்கள் செய்யும் வேலைகள் நமக்கும் அப்படியே பொருந்தும்.

முதல் நாள்: கழுவுதல்

கடைசி உழவு முடிந்த அன்றே கழுவிவிடுவது நல்லது. காய்ந்த சேற்றைவிட ஈரச் சேறு எளிதில் போகும். ஆனால் என்ஜின் சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது. சூடான இரும்பு வார்ப்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். ஆறிய பிறகே கழுவ வேண்டும். சைலன்சர் வாயையும் ஏர் கிளீனர் வாயையும் முதலில் மூடிவிட வேண்டும்.

சேறு ஒரு ஈரச்சாக்குப் போன்றது. மேலே காய்ந்து வெளுத்திருந்தாலும் உலோகத்தை ஒட்டிய பக்கத்தில் ஈரம் நிற்கும். இரும்புச் சக்கரத்தின் உட்புறம், மட்கார்டின் அடிப்பக்கம், ரோட்டரி கத்திகள் பொருந்தும் இடங்கள் ஆகியவற்றை ஒரு குச்சியால் சுரண்டிக் கழுவ வேண்டும். கடலோரக் கிராமங்களில் உப்புத் தண்ணீர் பட்ட வண்டியை நல்ல தண்ணீரால் இரண்டு முறை கழுவுவது அவசியம்.

சக்கர அச்சிலும் ரோட்டரி அச்சிலும் வைக்கோலும் கோரையும் சுற்றிக்கொண்டிருக்கும். இவற்றைக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். இந்த நார்தான் ஆயில் சீலை அறுக்கிறது. சீல் அறுந்த வழியாகச் சேற்றுத் தண்ணீர் கியர் பெட்டிக்குள் போகிறது.

கழுவிய பின் வண்டியை இரவு முழுவதும் சமதளத்தில் அசைக்காமல் நிறுத்த வேண்டும். மறுநாள் காலை என்ஜினைத் தொடுமுன் செய்ய வேண்டிய ஒரு சோதனைக்கு இது உதவும்.

மறுநாள் காலை: தண்ணீர் சோதனை

தண்ணீர் டீசலைவிடவும் ஆயிலைவிடவும் கனமானது. ஆகவே இரவு முழுவதும் அசையாமல் நின்ற வண்டியில் உள்ளே புகுந்த தண்ணீர் பெரும்பாலும் அடியில் போய்த் தங்கியிருக்கும். ரோட்டரி பெட்டியின் அடித் திருகை மெதுவாகத் தளர்த்தினால் முதலில் தண்ணீர் சொட்டும், பிறகு ஆயில் வரும். தண்ணீர் வந்தால் சீல் கெட்டுவிட்டது என்று பொருள். ஆயில் மோர் போல வெளுத்து வந்தாலும் தண்ணீர் கலந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அந்த ஆயிலை முழுவதும் வடித்துவிட்டு, சீலை மாற்றி, புது ஆயில் விட வேண்டும். கியர் பெட்டிக்கும் இதே சோதனை உண்டு.

டீசல் தொட்டியின் அடித் திருகையும் இதே போல் தளர்த்தி, ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடித்துப் பார்க்க வேண்டும். குவளையின் அடியில் தெளிந்த தண்ணீர் தனியாக நின்றால், சுத்தமான டீசல் வரும் வரை வடிக்க வேண்டும். டீசல் பில்டர் கிண்ணத்தையும் கழற்றிச் சுத்தம் செய்வது நல்லது.

டீசல் தொட்டி நிறைந்திருக்கட்டும்

தொட்டியில் பாதி டீசல் இருந்தால் மீதிப் பாதியில் காற்று இருக்கும். பகல் வெப்பத்தில் அந்தக் காற்று விரிந்து மூடித் துளை வழியே வெளியே போகிறது. இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளியிலிருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது. அந்த ஈரம் தொட்டிச் சுவரில் வியர்த்து டீசலுக்கு அடியில் சேருகிறது. தொட்டி இப்படி நாள்தோறும் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும்.

அடியில் தங்கிய தண்ணீரால் தொட்டி துருப்பிடிக்கும். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்பு வழுவழுப்பாகப் படியும். இந்தக் கசடு பில்டரை அடைக்கும். தண்ணீர் பம்புக்குள் போனால் இன்னும் பெரிய செலவு. டீசல் பம்பின் உட்பாகங்களுக்கு இடையிலான இடைவெளி தலைமுடியின் பருமனைவிடப் பல மடங்கு குறைவு. அங்கே சிறு துருப் புள்ளி விழுந்தாலும் பம்ப் இறுகிவிடும்.

ஆகவே ஓய்வுக்கு நிறுத்தும்போது தொட்டியைச் சுத்தமான டீசலால் கழுத்து வரை நிரப்பிவிட வேண்டும். காற்றுக்கு இடம் இல்லாவிட்டால் ஈரத்துக்கும் இடம் இல்லை. டிரம்மில் வைத்திருக்கும் டீசலை ஊற்றுவதானால், டிரம்மை அசைக்காமல் மேலிருந்து எடுக்க வேண்டும். அடியில் இரண்டு அங்குலம் அளவு மிஞ்சுவதைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. நிறைந்த தொட்டியுள்ள கொட்டகையில் விளக்கு, பீடி, அடுப்பு எதுவும் வேண்டாம்.

ஆயிலை எடுக்கும்போது அல்ல, நிறுத்தும்போதே மாற்ற வேண்டும்

பலர் பழைய ஆயிலோடு வண்டியை நிறுத்திவிட்டு, அடுத்த பருவத்தில் எடுக்கும்போது மாற்றுகிறார்கள். இது தலைகீழான முறை. ஓடி முடித்த ஆயிலில் கரியும், எரிந்த டீசலிலிருந்து வந்த அமிலமும், தண்ணீரும் கலந்திருக்கும். அது பேரிங்குகளையும் தண்டையும் மாதக் கணக்கில் அரித்துக்கொண்டிருக்க நாமே இடம் கொடுத்ததாகும்.

என்ஜினை 15 முதல் 20 நிமிடம் ஓட்டிச் சூடாக்கி நிறுத்தி, சூடு இருக்கும்போதே பழைய ஆயிலை வடிக்க வேண்டும். சூடான ஆயில் இளகிக் கசடையும் அடித்துக்கொண்டு வரும். கையில் படாமல் கவனம் தேவை. பில்டரைக் கழுவியோ மாற்றியோ, கையேட்டில் சொன்ன ரக ஆயிலைக் குறி வரை விட வேண்டும். பிறகு மறுபடி ஐந்து பத்து நிமிடம் ஓட்டினால் புது ஆயில் எல்லா இடத்துக்கும் பரவும். எண்ணெய்க் கிண்ணம் உள்ள ஏர் கிளீனரானால் அதன் பழைய எண்ணெயையும் கொட்டி, கழுவி, புதிதாக விட வேண்டும்.

வடித்த ஆயிலை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டக் கூடாது. கத்திகளுக்குப் பூசவும் அது ஏற்றதல்ல. அதில் உள்ள அமிலம் துருவையே வளர்க்கும். கைத்தோலுக்கும் கெடுதல். கத்திகளை நன்றாக உலர்த்தி, புது ஆயிலோ கிரீசோ மெல்லிதாகத் தடவ வேண்டும். கிரீஸ் நிப்பிள்கள் எல்லாவற்றிலும் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி வரும் வரை புது கிரீஸ் ஏற்ற வேண்டும். பிதுங்கும் கிரீசோடு உள்ளே இருந்த சேற்றுத் தண்ணீரும் வந்துவிடும்.

என்ஜின் தண்ணீர்

தொட்டியில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் என்ஜினானால், வெதுவெதுப்பாக ஆறிய பின் அடிக் குழாயைத் திறந்து முழுவதும் வடிக்க வேண்டும். தண்ணீர் நின்றுபோனால் குழாயில் சேறு அடைத்திருக்கலாம். ஒரு கம்பியால் குத்திவிட்டு, நல்ல தண்ணீர் ஊற்றி அலசி, குழாயைத் திறந்தபடியே விட வேண்டும்.

ரேடியேட்டரில் பச்சை அல்லது சிவப்பு நிறக் கூலன்ட் விட்டிருந்தால் அதை வடிக்க வேண்டியதில்லை. துருவைத் தடுக்கும் மருந்து அதிலேயே இருக்கிறது. அளவு குறைந்திருந்தால் நிரப்பினால் போதும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் மட்டும் இருந்தால் வடித்துவிட வேண்டும்.

அடுத்த பருவத்தில் ஊற்றுவதற்கு உப்பு மிகுந்த போர்த் தண்ணீரைவிட மழைத்தண்ணீர் சிறந்தது. போர்த் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பும் உப்பும் என்ஜின் சுவரில் ஓடு போலப் படிந்து சூட்டை வெளியே விடாமல் தடுக்கும். கூரையிலிருந்து முதல் மழை ஓடிய பின் பிடித்த தண்ணீரை மூடி வைத்துக்கொண்டால் ஓர் ஆண்டுக்கு உதவும்.

சிலிண்டரைக் காப்பது

நின்ற என்ஜின் இறுகிப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்வதே. இதைத் தடுக்க இரண்டு வேலைகள் உண்டு.

முதலாவது, டீசல் லீவரை நிறுத்தும் நிலையில் வைத்து, ஏர் கிளீனரைக் கழற்றி, காற்றுப் போகும் துளையில் ஒன்றிரண்டு தேக்கரண்டி புது என்ஜின் ஆயில் விட வேண்டும். டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கியபடி ஹாண்டிலால் மெதுவாகப் பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்ற வேண்டும். ஆயில் சிலிண்டர் சுவரில் பூசிக்கொள்ளும். அளவுக்கு மேல் விடக் கூடாது. ஆயில் விட்ட பின் என்ஜினை ஸ்டார்ட் செய்யவும் கூடாது. டீசல் என்ஜின் ஆயிலையும் எரித்து ஓடக்கூடியது. அப்படிப் பிடித்துக்கொண்டால் கட்டுக்கு அடங்காமல் வேகமெடுக்கும்.

இரண்டாவது, டீகம்ப்ரஷன் லீவரை விட்டுவிட்டு, ஹாண்டிலை மெதுவாகச் சுற்றி, கை கனக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். பிளைவீலில் அதற்கான குறியும் இருக்கும். அந்த நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். சைலன்சர் வழியாகவோ ஏர் கிளீனர் வழியாகவோ ஈரக்காற்று சிலிண்டருக்குள் போக முடியாது. காசு செலவில்லாத இந்த ஒரு வேலை பலமுறை என்ஜினைக் காப்பாற்றும்.

கிளட்ச், பெல்ட், டயர்

கிளட்ச் சேர்ந்த நிலையில் பல மாதம் நின்றால் தட்டு ஒட்டிக்கொள்ளும். பவர் டில்லரில் கிளட்ச் லீவரை விலக்கிய நிலையில் வைக்க வேண்டும். டிராக்டர் வைத்திருப்பவர்கள் கிளட்ச் பெடலை அழுத்தி ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து வைக்கலாம். கைப்பிரேக்கைப் போட்டு நிறுத்துவது கூடாது. பிரேக் கட்டை டிரம்மோடு ஒட்டிவிடும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ வைத்தால் போதும்.

வி-பெல்ட்டுகளைத் தளர்த்திவிட வேண்டும். இறுகிய நிலையில் மாதக் கணக்கில் நின்றால் புல்லியின் வளைவிலேயே பெல்ட் உருமாறிவிடும்.

டயர்களில் காற்றைச் சரியான அளவுக்கு ஏற்றி, அச்சுக்கு அடியில் கனமான மரக்கட்டை கொடுத்துச் சக்கரம் தரையில் படாமல் தூக்கி வைப்பது நல்லது. வெறும் செங்கல் அடுக்கு பளுவில் நொறுங்கும். டயரில் டீசலோ ஆயிலோ பட்டிருந்தால் சோப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். வெயில் நேராகப் படும் பக்கத்தை ஒரு சாக்கால் மூடினால் டயர் வெடிக்காது.

பாட்டரி

செல்ப் ஸ்டார்ட் உள்ள வண்டிகளில் பாட்டரி உண்டு. எதற்கும் இணைக்காமல் வைத்தாலும் பாட்டரி தானாகவே இறங்கும். வெப்பம் கூடினால் வேகமாக இறங்கும். இறங்கிய நிலையில் பல வாரம் கிடந்தால் தட்டுகளில் வெள்ளைப் படிவு கெட்டியாகி, பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் ஏறாது.

கழற்றும்போது முதலில் எர்த் என்னும் கழித்தல் முனையையும், பிறகு கூட்டல் முனையையும் கழற்ற வேண்டும். மாட்டும்போது கூட்டல் முனை முதலில். முனைகளில் பூத்திருக்கும் உப்பை ஆப்பச் சோடா கலந்த வெந்நீரால் துடைக்கலாம். அந்தத் தண்ணீர் பாட்டரித் துளைகளுக்குள் போகக் கூடாது. உலர்ந்த பின் வாசலைன் தடவ வேண்டும். தண்ணீர் குறைந்திருந்தால் பாட்டரிக்கென்று விற்கும் சுத்தத் தண்ணீர் மட்டுமே விட வேண்டும்.

முழுச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பாட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும். 12.4க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் செய்ய வேண்டும். மாதம் ஒரு முறை சோதிப்பது நல்லது. சார்ஜ் ஏறும்போது தீப்பற்றும் வாயு வெளிவருவதால் காற்றோட்டமான இடம் தேவை. சிமெண்டுத் தரையில் வைத்தால் பாட்டரி இறங்கிவிடும் என்று சிலர் சொல்வது இன்றைய பிளாஸ்டிக் பெட்டிப் பாட்டரிகளுக்குப் பொருந்தாது.

எங்கே நிறுத்துவது?

மேடான, காற்றோட்டமான, ஒழுகாத கொட்டகை வேண்டும். மாட்டுக்கொட்டகை ஏற்றதல்ல. சாணம், கோமியத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். உரமூட்டைகளோடும் சேர்த்து வைக்கக் கூடாது. யூரியாவும் பொட்டாஷும் காற்றின் ஈரத்தை இழுப்பவை. அந்த உப்பு ஈரம் பட்ட இரும்பு மற்ற இரும்பைவிட விரைவில் துருப்பிடிக்கும்.

பிளாஸ்டிக் தாளை இறுகச் சுற்றி மூடுவது தவறு. உள்ளே வியர்த்து, மூடாமல் விட்டதைவிட மோசமாகும். மேலே கூரை போலத் தார்ப்பாயைப் போட்டு, கீழ்ப்பக்கம் காற்றுப் போக விட வேண்டும்.

சைலன்சர் வாயைக் கொட்டாங்குச்சியாலோ தகர டப்பாவாலோ கவிழ்த்து மூட வேண்டும். சிறு குழாய் வாய்களில் குளவி மண்கூடு கட்டும். ஆகவே அவற்றையும் துணியால் அடைப்பது நல்லது. அடைத்த ஒவ்வொரு துணியிலும் ஒரு சிவப்பு நாடா தொங்கினால் எடுக்க மறக்காது. ஏர் கிளீனருக்குள் எலி கூடு கட்டும். ஒயர்களையும் கடிக்கும். வைக்கோலும் தானியமும் கொட்டகையில் இல்லாமல் பார்த்துக்கொண்டால் எலி வரவு குறையும்.

நடுவில் ஸ்டார்ட் செய்யலாமா?

வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஓட்டி வைத்தால் என்ஜின் நன்றாக இருக்கும் என்பது பலரின் நம்பிக்கை. உண்மையில் இதனால் கெடுதலே அதிகம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. என்ஜின் நன்றாகச் சூடேறினால் அது புகையோடு போய்விடும். ஐந்து நிமிட ஓட்டத்தில் சூடு ஏறாது. ஆவி சைலன்சரிலும் ஆயிலிலும் தண்ணீராகக் குளிர்ந்து தங்கிவிடும்.

ஆகவே ஓட்டினால் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் பளுவோடு ஓட்ட வேண்டும். பிறகு சிலிண்டருக்கு மறுபடி ஆயில் விட்டு நிறுத்த வேண்டும். அதற்கு வசதியில்லையென்றால் ஸ்டார்ட் செய்யாமலே விடலாம். மாதம் ஒரு முறை டீசல் லீவரை நிறுத்தும் நிலையில் வைத்து, டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி, ஹாண்டிலால் சில சுற்றுச் சுற்றி, மறுபடி கை கனக்கும் இடத்தில் நிறுத்தினால் போதும்.

பெட்ரோல் இயந்திரங்களுக்கு வேறு முறை

களை எடுக்கும் சிறு இயந்திரம், விசைத் தெளிப்பான், பெட்ரோலில் ஓடும் சிறு பம்ப்செட் ஆகியவற்றுக்குத் தொட்டியை நிரப்பும் முறை பொருந்தாது. 2025 முதல் நாட்டில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் அது தண்ணீரோடு சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். நாள்பட்ட பெட்ரோல் கார்புரேட்டரின் நுண்துளைகளில் பிசின் போலக் காய்ந்து அடைக்கவும் செய்யும். அடுத்த பருவத்தில் இந்தச் சிறு இயந்திரங்கள் ஸ்டார்ட் ஆகாததற்கு இதுவே அடிக்கடி காரணம்.

எனவே தொட்டியில் உள்ள பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மிஞ்சியது தீரும் வரை ஓடவிட்டு, தானாக நின்ற பின் வைக்க வேண்டும். தெளிப்பானின் மருந்துத் தொட்டியையும் குழாயையும் நல்ல தண்ணீரால் அலச மறக்கக் கூடாது.

வெள்ளம் புகுந்தால்

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையும் விவசாயிகள் மறக்காதவை. காயல்பட்டினத்தில் அந்த ஆண்டு டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. ஊரில் முன்பு எவ்வளவு உயரம் தண்ணீர் வந்தது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு, அதற்கு மேலான இடத்தில் வண்டியை நிறுத்துவது முதல் பாதுகாப்பு.

அப்படியும் வண்டி மூழ்கிவிட்டால் தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆவலை அடக்க வேண்டும். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. சிலிண்டரில் தண்ணீர் நின்றால், பிஸ்டன் அதன் மேல் மோதிக் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் பாட்டரியைக் கழற்றி, நல்ல தண்ணீரால் சேற்றைக் கழுவி, என்ஜின் ஆயில், கியர் ஆயில், டீசல் மூன்றையும் வடிக்க வேண்டும். பிறகு மெக்கானிக்கைக் கொண்டு நாசிலைக் கழற்றி, கையால் சுற்றிச் சிலிண்டரில் உள்ள தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஓரிரு நாளுக்குள் இதைச் செய்தால் பெரும்பாலும் என்ஜின் தப்பிவிடும். வாரக் கணக்கில் விட்டால் உள்பாகங்கள் துருப்பிடித்து, முழுவதும் பிரித்து மாற்ற வேண்டிய நிலை வரும்.

மறுபடி எடுக்கும்போது

உழவுக்கு ஒரு வாரம் முன்னரே வண்டியை எடுத்துப் பார்க்க வேண்டும். பழுது இருந்தால் சரிசெய்ய நாள் கிடைக்கும். அடைப்புத் துணிகளையும் கொட்டாங்குச்சியையும் எடுத்து, ஏர் கிளீனருக்குள் எலிக்கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டீசல் தொட்டியின் அடித் திருகைத் தளர்த்தித் தண்ணீர் வருகிறதா என்று சோதிக்க வேண்டும். தண்ணீர்க் குழாயை மூடி, தண்ணீர் ஊற்றி, பெல்ட்டை இறுக்கி, ஆயில் குறியைப் பார்க்க வேண்டும். டீசல் குழாயில் காற்று இருந்தால் அதையும் வெளியேற்ற வேண்டும்.

பிறகு டீசல் லீவரை நிறுத்தும் நிலையிலேயே வைத்து, டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி, இருபது முப்பது சுற்று ஹாண்டிலால் சுற்ற வேண்டும். சிலிண்டரில் விட்ட ஆயில் வெளியேறும். வடிந்துபோன ஆயில் பேரிங்குகளுக்கு மறுபடி ஏறும். அதன் பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். முதல் சில நிமிடம் நீலமாகவோ வெண்மையாகவோ புகை வந்தால் பயப்பட வேண்டாம். பளு இல்லாமல் மெதுவாக ஓடவிட்டு, புகை தெளிந்து சூடேறிய பின் வயலுக்குக் கொண்டு போகலாம்.

ஓர் அட்டை

நிறுத்தியவரே மறுபடி எடுப்பார் என்பது நிச்சயமில்லை. மகனோ, டிரைவரோ, வாடகைக்குக் கேட்டு வந்தவரோ எடுக்கலாம். தண்ணீர் வடித்தது தெரியாமல் ஒருவர் ஓட்டினால் சில நிமிடத்தில் என்ஜின் சூடேறிப் பிஸ்டன் பிடித்துவிடும். செய்த அத்தனை வேலையும் வீணாகும். ஆகவே நிறுத்தும் நாளில் ஓர் அட்டையில் தேதியையும், "தண்ணீர் வடித்தது, சிலிண்டரில் ஆயில் விட்டது, சைலன்சர் அடைத்தது, பெல்ட் தளர்த்தியது" என்பவற்றையும் எழுதி ஹாண்டிலிலேயே கட்டிவிட வேண்டும். கையேடு தொலைந்து போனவர்களும், ஆயில் ரகம், அளவு பற்றிச் சந்தேகம் உள்ளவர்களும் வண்டி வாங்கிய விற்பனையாளரையோ, அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

உழுத மாட்டைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, ஈரமில்லாத இடத்தில் கட்டுவது விவசாயிக்குப் புதிதல்ல. டீசல் குடிக்கும் மாட்டுக்கும் அந்தக் கவனம் கிடைத்தால், தண்ணீர் திறந்த அன்று முதல் சுற்றிலேயே அது எழுந்து நிற்கும்.